சிவப்புப் பட்டைப் பீப்பாய்

இரும்பை வெட்டும்போது அந்த ஓசை முதலில் பல்லுக்குத்தான் கேட்கும். அப்பா உளியை நிறுத்திச் சுத்தியலை இறக்கும் ஒவ்வொரு முறையும் என் கடைவாய்ப் பற்கள் கூசி, நாக்கின் அடியில் துருவின் சுவை ஊறும். எங்கள் லயத்து வரிசை வீட்டின் பின்புறம், மரவள்ளிப் பாத்திக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே, ஓர் இரும்புப் பீப்பாயைக் கிடத்திப்போட்டு அதன் வயிற்றில் அவர் கதவு வெட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால், முப்பத்தைந்து வருடங்கள் போன பிறகும் எனக்கு முதலில் வருவது கறியின் மணமல்ல, இந்தக் கூச்சம்தான். அதன் பின்னாலேயே ஒரு பயம் வரும். ஒரே ஒரு பகல் நீடித்த பயம். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மலாய் நாட்டில், ரெங்கம் ஊரை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டம் அது. காலம், முப்பதுகளின் நடுப்பகுதி. விலை விழுந்து கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் போக, மிஞ்சியவர்கள் மெல்ல மூச்சு விட ஆரம்பித்திருந்த நேரம். அப்பா வீரய்யாவுக்குப் புகைக்கூடத்தில் வேலை. உருளையில் நசுங்கித் தாள் தாளாக வந்து சேரும் ரப்பரை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு நாள்கணக்கில் புகையூட்டும் இடம். சூடு கூடினால் தாள் கொப்பளித்துவிடும், குறைந்தால் பூசணம் பூக்கும். சுவரில் சூட்டைக் காட்டும் கண்ணாடிக் குழாய் ஒன்று தொங்கியது. அப்பா அதைத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. புறங்கையைக் கதவிடுக்கில் நீட்டுவார், கண்ணை மூடுவார், "இன்னும் ரெண்டு கட்டை" என்பார். அவருடைய சட்டை, தலைமயிர், வெற்றிலைப் பை, ஏன், அவர் தூக்கத்தில் விடும் மூச்சுகூடப் புகையாகவே இருந்தது. அந்த மணம் வீட்டுக்குள் நுழைந்தால்தான் எங்களுக்குப் பொழுது சாய்ந்ததாக அர்த்தம்.

செல்லம்மா அக்காவுக்கும் அப்படித்தான். பொந்தியான் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனவள், வளையல் போட்டு ஏழாம் மாதத்தில் தலைப்பிரசவத்துக்கு வீடு வந்தபோது, கை இரண்டிலும் கண்ணாடி வளையல் குலுங்கியதே தவிர உடம்பில் ஒன்றும் இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. சோற்றைக் கண்டால் குமட்டினாள். கஞ்சி நிற்கவில்லை, ரொட்டி நிற்கவில்லை. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டாள். "புள்ள சின்னதா இருக்கு. இவ எதையாவது தின்னாகணும். எதக் கேட்டாலும் குடு, என்ன ஏதுன்னு யோசிக்காத." அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பொந்தியானில் அடுத்த வீட்டு மலாய்க்காரம்மா மீனைப் புகையில் வாட்டி 'சாலாய்' என்று கொடுத்ததைத் தின்றாளாம். அது ஒன்றுதான் உள்ளே நின்றதாம். "அப்பா மேல வர்ற வாசத்துல எதுனா குடுங்கம்மா, தின்னுடுறேன்" என்றாள்.

முன்பெல்லாம் இது ஒரு விஷயமே இல்லை. மறுநடவுக் கன்றுகளைத் தோண்டிப்போடும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்காகவே கம்பெனி ஓர் ஆளுக்குத் துப்பாக்கி கொடுத்திருந்தது. விழுந்த பன்றி லயத்துக்கெல்லாம் பங்காகும். அப்பா தன் பங்கைப் புகைக்கூடத்தின் மூலையில், ரப்பர் தாள்களுக்குப் பின்னால் ஒரு கம்பியில் தொங்கவிட்டு எடுத்து வருவார். ஒரு முறை கொழுப்பு உருகித் தாளின் மேல் சொட்டியது. அந்தத் தாள் எங்கோ தூரத்துத் துறைமுகம் வரை போய்ப் பன்றி மணத்தோடு திரும்பி வந்தது. துரை அப்பாவை வெயிலில் நிற்கவைத்து, இன்னொரு தடவை நடந்தால் வேலையும் கிடையாது வீடும் கிடையாது என்று சொன்னதை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார். அன்றோடு புகைக்கூடம் எங்கள் கறிக்கு மூடப்பட்டது. இப்போது அக்காவுக்காக அப்பா சொந்தமாக ஒன்று கட்ட வேண்டியிருந்தது.

எங்களூரில் பீப்பாயைத் 'தோங்' என்போம். காலித் தோங் ஒன்று எடுத்துக்கொள்ளக் கிராணி சம்மதித்தார். ஸ்டோருக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். இரண்டு தார்ப் பீப்பாய்கள். பக்கத்தில் போனாலே கண் எரிந்தது. ஒன்று மண்ணெண்ணெய்ப் பீப்பாய். அப்பா அதற்குள் தலையை விட்டு மோந்து, இருமிக்கொண்டு வெளியே வந்தார். "எத்தன தடவ எரிச்சாலும் இந்த வாடை போவாது. செல்லம் வாயிலயே வைக்க மாட்டா." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் லாலான் புல்லை விலக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போனேன். அங்கே புல்லுக்குள் ஒன்று தனியாகப் படுத்திருந்தது. உள்ளே மோந்து பார்த்தேன். துருவைத் தவிர வேறு வாசனையே இல்லை. புரட்டினேன். மண்ணில் அழுந்திக் கிடந்த பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டை.

அப்போது எனக்குப் பத்து வயது. சிவப்புப் பட்டையை நான் ஓரிடத்தில்தான் பார்த்திருந்தேன். இரண்டாம் டிவிசன் முனியாண்டி கோயில் சுவரில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பார்கள். கோயிலுக்கு முன்னால் கால் கழுவத் தண்ணீர் வைத்திருக்கும் பீப்பாய்க்கும் பூசாரி சடையன் அதே பட்டையை அடித்திருந்தார். ஆகவே இது கோயில் தோங். தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்க்காதது. தோட்டத்திலேயே இதைவிடச் சுத்தமான பீப்பாய் இருக்க முடியாது. ஆனால் கோயில் சாமான் என்று தெரிந்தால் அப்பா கையாலும் தொடமாட்டார். பன்றிக் கறிக்கென்றால் கேட்கவே வேண்டாம். அக்காவின் ஒட்டிய கன்னம் கண் முன்னால் வந்தது. நான் குனிந்து இரண்டு கையாலும் ஈர மண்ணை அள்ளி அந்தப் பட்டையின் மேல் அப்பித் தேய்த்தேன். பிறகு, "அப்பா, இங்க ஒண்ணு இருக்கு, நாத்தமே இல்ல!" என்று கத்தினேன்.

அவர் வந்து மோந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், சிரித்தார். நான் செய்த பொய்யில் வார்த்தையே கிடையாது. கை மண்ணைப் பாவாடையில் துடைத்துக்கொண்டதோடு அது முடிந்தது.

வீட்டுக்கு உருட்டி வந்ததும் அப்பா பீப்பாய்க்குள் சருகும் சுள்ளியும் நிரப்பித் தீ வைத்தார். பெயிண்டு, துரு, என் மண் எல்லாம் சேர்ந்து கருத்து உரிந்து விழுந்தன. அதற்கு முன்பே, அடிப்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருப்பதையும், அதில் பிசின் மாதிரி ஏதோ அடைத்திருப்பதையும் நான் பார்த்துவிட்டேன். குச்சியால் குத்தியதும் கட்டியாகக் கழன்று வந்தது. வெயிலில் பிடித்தால் ஓரம் தேன் நிறத்தில் மின்னியது. சிகரெட் தகர டப்பா ஒன்றில் கோழி இறகு, உடைந்த வளையல் என்று நான் சேர்த்துவைத்திருந்த சொத்தோடு அதையும் போட்டுக்கொண்டேன்.

முதல் ஞாயிறு அப்பா செய்தது, ஒரு பெரிய அடுப்பு, அவ்வளவுதான். மேல் மூடியை வெட்டியெடுத்து, வாயில் வேலிக்கம்பிகளைக் குறுக்கே போட்டு, அடியில் நெருப்பு. கொழுப்பு சொட்டியதும் நெருப்பு எழும்பிக் கம்பியை நக்கியது, கறி கரியாகிவிட்டது. இரண்டாம் ஞாயிறு பக்கவாட்டில் கதவு வெட்டினார். அடியில் மணல் பரப்பி, தணலை ஓரமாக ஒதுக்கி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தினார். இந்தத் தடவை புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குமைந்து, கறியெல்லாம் கரி படிந்து வேப்பெண்ணெய் போலக் கசந்தது. அக்கா ஒரு நுனியைக் கடித்துவிட்டு, எங்களுக்காகச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை; வேலிப்பக்கம் ஓடினாள். இரண்டு வாரத்தில் அவள் சேலைக்கட்டு இன்னும் தளர்ந்திருந்தது.

அந்தப் பக்கம் போன பெரிய கங்காணி எங்கள் வேலியோரம் நின்றார். வழுக்கைத் தலை, தோல் செருப்பு, கையில் பிரம்பு. கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "என்னா வீரய்யா, கப்பல் கட்டுறியா? எங்களுக்கும் ஒரு டிக்கெட்டு எடுத்து வையி!"

"கட்டுறேன் கங்காணியாரே. மொதல்ல மெதக்குதான்னு பாப்போம்" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமலே.

அன்று சாயங்காலம் முழுக்க அவர் பீப்பாயின் எதிரே குந்தியிருந்தார். பிறகு எழுந்து தன்னையே திட்டிக்கொண்டார்: "பதினாலு வருசமா புகைக்கூடத்துல கெடந்து என்னா புண்ணியம்! நெருப்பு எங்க இருக்கு, ரப்பர் எங்க இருக்கு?" புகைக்கூடத்தில் நெருப்பு சுவருக்கு வெளியே இருக்கும், புகை மட்டும்தான் தரைக்கடியில் ஆறிக்கொண்டே உள்ளே வரும். அந்த வாரம் வேலை விட்டு வந்த ஒவ்வொரு மாலையும் தோண்டினார். பீப்பாயிலிருந்து இரண்டு ஆள் நீளம் தள்ளி ஒரு குழி. குழியிலிருந்து பீப்பாய் வரை ஒரு வாய்க்கால். அதன் மேல் பழைய தகரம், தகரத்தின் மேல் களிமண். வாய்க்கால் வந்து சேருமிடம், நான் குச்சியால் குத்தித் திறந்த அதே ஓட்டை. அதை உளியால் அகட்டி, "பாதி வேலைய எவனோ எனக்காகவே செஞ்சு வச்சிருக்கான்" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மூடியில் ஒரு துளை; துளையை மூட ஒரு சிரட்டை. சிரட்டையை நகர்த்தி நகர்த்திப் புகையை இழுத்தும் நிறுத்தியும் பிடித்தார்.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை மறுபடி ஒரு பன்றி விழுந்தது. உப்பு, மஞ்சள், மிளகு தடவிய துண்டங்களை வளைத்த கம்பிகளில் கோத்து உள்ளே தொங்கவிட்டார்கள். கொய்யா விறகும் தேங்காய் மட்டையும்தான். ரப்பர் விறகுப் புகை கறிக்கு ஆகாது என்று அப்பா அதைக் கிட்டேயே சேர்க்கவில்லை. ஞாயிறு காலை மூடியைத் திறந்தபோது கறி தேக்குமரத்து நிறத்தில் தொங்கியது. அம்மா ஏதோ வேண்டுதலுக்காகப் பன்றியை விட்டிருந்தாள். அப்பா, பங்கு பிரித்துக் கொடுத்து முடிக்காமல் தான் வாயில் வைக்கமாட்டார். ஆகவே முதல் துண்டு அக்காவுக்கு. நான் விரலில் ஒட்டியதை நக்கினேன், அவ்வளவுதான்.

அக்கா மென்றாள். நாங்கள் மூவரும் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விழுங்கினாள். காத்திருந்தோம். அவள் கையை நீட்டி, "இன்னொண்ணு" என்றாள். நாலு துண்டு தின்றாள், பிறகு ஒரு கைச் சோறும் தின்றாள், எல்லாம் உள்ளேயே நின்றது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா பீப்பாயின் முதுகைத் தட்டிக் கொடுத்தார், மாட்டைத் தட்டுவது போல.

வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் சின்னான் வந்தான். லாலான் புல்லுக்கு மருந்தடிக்கும் ஆள். அந்த மருந்து அப்போதுதான் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தது. அடித்த இடத்தில் புல் மஞ்சளித்துச் செத்தது. அந்தப் புல்லை மேய்ந்த கிராணியின் பசு, பொழுது சாய்வதற்குள் நுரை தள்ளி விழுந்ததை லயமே கூடி நின்று பார்த்திருந்தது. சின்னான் வேர்த்து வடிந்துகொண்டு வேலியைப் பிடித்தபடி நின்றான்.

"அண்ணே, நீங்க எடுத்தது எந்தத் தோங்?"

"ஸ்டோருக்குப் பின்னால கெடந்தது. ஏன்டா?"

"மருந்துத் தோங் மூணு காலியாச்சு. பொதைக்கச் சொல்லி ஒரு மாசமாச்சு, நான்தான் இன்னிக்கி நாளைக்கின்னு விட்டுட்டேன். இப்பப் போயி பாத்தா ரெண்டுதான் இருக்கு." அவன் பார்வை புகைந்துகொண்டிருந்த பீப்பாயின் மேல் போய் நின்றது. "அலமாக்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். "இதானா?"

"போடா. இதுல ஒரு வாடையும் இல்ல. நானே மோந்து பாத்தேன்."

"அந்த மருந்துக்கு வாசமே கெடையாதுண்ணே. கம்பெனிக்காரன் செவப்புப் பட்ட போட்டுத்தான் அனுப்புறான். இதுல பட்ட இருந்துச்சா?"

"இல்லியே" என்றார் அப்பா நிம்மதியாக. "சுத்தி வந்து பாத்தேன். ஒரு பட்டயும் இல்ல."

வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் வளையல் சத்தம் வந்தது. பாத்திரம் கழுவுகிறாளோ, தலை வாருகிறாளோ. அந்தச் சத்தம் வரும் வரைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். நின்றுவிட்டால்? சின்னான் வேறு வீட்டில் விசாரிக்கத் திரும்பிவிட்டான். பத்து அடி போயிருப்பான். பேசாமல் இருந்துவிடலாம், என் கை மண்ணைப் பார்த்தவர் யாரும் இல்லை.

"இருந்துச்சு" என்றேன்.

அப்பா திரும்பினார்.

"செவப்புப் பட்ட இருந்துச்சுப்பா. நான்தான் சேத்தப் பூசி மறைச்சேன். கோயில் தோங்குன்னு நெனச்சேன். நீங்க எடுக்க மாட்டீங்கன்னு…"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா என் எதிரே குந்தி, இரண்டு தோளையும் பிடித்திருந்தார். புகை மணக்கும் முகம் இவ்வளவு கிட்டே. "அஞ்சல, யோசிச்சுச் சொல்லு. செவப்பு மட்டுமா? வெள்ளையும் இருந்துச்சா?"

யோசித்தேன். புல், ஈரம், சிவப்பு. சிவப்புக்குப் பக்கத்தில் வெளிறிய ஏதோ ஒன்று. அது சுண்ணாம்பா, உரிந்த இரும்பா? "தெரியலப்பா." என் வாழ்நாளில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே கனமானது அதுதான். பட்டை எரிந்துபோய் மூன்று வாரமாகிவிட்டது. இனி அதை யாரும் பார்க்க முடியாது.

அம்மா ஓலமிடவில்லை. உப்பைக் கரைத்துச் செம்போடு அக்காவிடம் போனாள். "குடிச்சு வாந்தி எடு செல்லம்." அக்கா செம்பைத் தள்ளினாள்: "ரெண்டு மாசத்துல இன்னிக்குத்தாம்மா வயிறு நெறஞ்சிருக்கு. புள்ள உதைக்குது பாருங்க, தொட்டுப் பாருங்க." "குடிடீ!" என்று அம்மா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறின. வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸரைத் தேடித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய சின்னான், அவர் ஞாயிறு என்று ரெங்கத்துக்குப் போய்விட்டதாகத் திரும்பி வந்து சொன்னான். அக்காவின் பக்கத்தில் அம்மாவை விட்டுவிட்டு அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "வா. கோயில் தோங் கோயில்ல இருக்கான்னு பாப்போம். அது அங்க இல்லன்னா நம்மது கோயில் தோங். இருந்துச்சுன்னா…" மீதியைச் சொல்லாமலே ஓட ஆரம்பித்தார்.

இரண்டாம் டிவிசனுக்கு ரப்பர் மரங்களுக்கு ஊடே ஒற்றையடிப் பாதை. காலடியில் விதைகள் வெடித்தன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பால் கிண்ணங்கள் கவிழ்ந்து கிடந்தன. மரங்கள் வரிசை வரிசையாக விலகி வழிவிட்டு, விலகி வழிவிட்டு, பாதை முடியவே முடியாது போலிருந்தது. இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டே ஓடினேன். எதையாவது இருக்கக் கூடாது என்று நான் சாமியிடம் கேட்டது அதுவே முதல் தடவை.

இருந்தது.

கோயிலுக்கு முன்னால், காவியும் வெள்ளையும் பளிச்சென்று, கழுத்து வரை தண்ணீரோடு நின்றது. தண்ணீரில் ஒரு செம்பருத்தி மிதந்தது. அப்பா அதைத் தொட்டார், கையை எடுத்தார், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாயைத் திறந்து மூச்சு வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். புகைக்கூடத்துக்காரர்கள் வாயைத் திறப்பதில்லை.

சத்தம் கேட்டுப் பூசாரி சடையன் விபூதித் தட்டோடு வந்தார். அப்பா சொன்னது பாதிதான் வார்த்தையாக வந்தது. பூசாரி தட்டைக் கீழே வைத்தார்.

"இருடா, இரு. இது புதுசு. ஆடி மாசம் கிராணி குடுத்தது. பழசு அடியில ஓட்ட விழுந்து ஒழுகிச்சு. டமார் பிசின உருக்கி, சாமிக்குக் கட்டுன செவப்புத் துணியில ஒரு கிழிசல வச்சு ரெண்டு தடவ அடைச்சுப் பாத்தேன், நிக்கல. உருட்டிக்கிட்டுப் போயி ஸ்டோர்ப் பக்கம் தள்ளிட்டேன். ஒன்னோடதுல ஓட்ட இருந்துச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்தேன்.

திரும்பும் வழி எனக்கு நினைவில் இல்லை. நினைவில் இருப்பது வீட்டு வாசல் மட்டும். அங்கே வளையல் சத்தம் இல்லை. அக்கா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. பக்கத்தில் வாந்தி எடுத்த சட்டி. உப்புத் தண்ணீராலா, மருந்தாலா? அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கூரைச் சட்டத்தில் செருகியிருந்த டப்பாவை இழுத்துத் தரையில் கொட்டினேன். இறகு, வளையல் துண்டு, கட்டி. இரைக்க இரைக்க வந்து சேர்ந்த பூசாரி அதை வாங்கி வாசல் கல்லில் வைத்து, அப்பாவின் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். தேன் நிறச் சில்லுகள் தெறித்தன. நடுவில், நாலாக மடித்த, விரல் நகமளவு சிவப்புத் துணி.

"என் மடிப்புத்தான்" என்றார் பூசாரி.

பிறகு அப்பாவின் முகத்தில் இன்னொரு பயம் ஏறுவதைப் பார்த்தேன். "பூசாரியாரே… சாமி தோங்குல பன்னிய தொங்கவிட்டுட்டேனே. வயித்துப் புள்ளக்காரி வேற தின்னுருக்காளே."

பூசாரி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சாமிகிட்ட பேசிக்கலாம் வீரய்யா. ஒரு சேவலக் கொண்டாந்து விடு, நான் பேசிக்கிறேன். அந்த மருந்துகிட்ட யாருடா பேசுறது?"

பாயிலிருந்து அக்காவின் குரல் வந்தது, கரகரவென்று: "அப்ப மீதிக் கறிய எவளும் தூக்கிப் போட்டுடலியே?" அம்மா அழுதுகொண்டே அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அக்கா கையை நீட்டினாள். வளையல்கள் குலுங்கின.

மூன்றாவது மருந்துப் பீப்பாய் அன்று சாயங்காலமே கிடைத்தது. பெரிய கங்காணி வீட்டுப் பின்புறத்தில், மழைத்தண்ணீர் பிடித்துக் குளிப்பதற்கு வைத்திருந்தார். சிவப்புப் பட்டை போட்டிருந்ததால் துரைமார் சாமான், உசத்தியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போனாராம். கழுத்தும் முதுகும் ஏன் அப்படி அரித்தன என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது. டிரெஸ்ஸரின் வெள்ளைக் களிம்பைப் பூசிக்கொண்டு ஒரு மாதம் சட்டை போடாமல் திரிந்தார். எங்கள் வேலிப்பக்கம் வந்து கப்பலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

அப்பாவுக்கு மனம் ஆறவில்லை. சிவப்புப் பட்டையை ஒரு பிள்ளை கோயிலென்று நினைத்தது, கங்காணி துரையென்று நினைத்தார். நாளைக்கு வேறு யார் என்ன நினைப்பார்களோ. எழுத்தெழுதினால் படிக்க ஆளில்லை. இரண்டு நாள் யோசித்தார். பிறகு கங்காணி வீட்டுக்குப் போய், கை கட்டி நின்று, அவருடைய பழைய செருப்பைக் கேட்டார். லயத்தில் வேறு யாரிடமும் செருப்பு கிடையாது. கங்காணி ஒரு கணம் முறைத்துவிட்டு, முதுகைச் சொறிந்துகொண்டு, இரண்டையும் கழற்றிக் கொடுத்தார். அப்பாவும் சின்னானும் ஆளுக்கொன்றாக எடுத்துப்போய்ப் புதிதாக வந்திருந்த மருந்துப் பீப்பாய்களில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார்கள். செருப்பு தொங்கும் சாமானைச் சாமியுடையது என்று எந்தப் பிள்ளையும் நினைக்காது. துரையுடையது என்று எந்தக் கங்காணியும் நினைக்கமாட்டார். கொஞ்ச நாளில் மற்ற டிவிசன்களிலும் தொங்கின. இது என்ன என்று துரை கேட்டபோது கிராணி எல்லா இங்கிலீஷையும் தேடிப் பார்த்துவிட்டு, "கஸ்டம், சார்" என்றாராம், இது எங்கள் வழக்கம் என்ற பொருளில்.

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. முனியாண்டி என்றுதான் பெயர் வைக்க முடிந்தது. சேவல் மட்டும் போதாது என்று பூசாரி சொல்லிவிட்டார். அப்பா அந்தப் பீப்பாயைச் சும்மா விடவில்லை. கதவுக்குக் கீல் வைத்தார், வாய்க்காலை நீட்டினார், உள்ளே இரண்டாவது தட்டு போட்டார். யுத்த காலத்தில் அதில் ஆற்று மீனையும் மரவள்ளியையும் வாட்டித் தின்று உயிர் பிழைத்தோம். பிறகு ஒரு மழைக்காலத்தில் அதன் அடி உதிர்ந்து விழுந்தது; அடுத்த மழைக்காலத்தில் அப்பாவும் போய்விட்டார். புகைக்கூடத்தில் இப்போது சுவர் இரண்டுதான் மிச்சம், அதையும் செம்பனை மூடிவிட்டது. கோயிலை ரோட்டோரம் நகர்த்தி ஓடு போட்டு, குழாய் வைத்துவிட்டார்கள். செருப்பு தொங்கிய ஸ்டோர் இருந்த இடம் எதுவென்று போன வருடம் தேடினேன். மரங்கள் ஒரே மாதிரி இருந்தன, சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் தெப்ராவில் முனியாண்டியின் வீட்டுக்குப் போயிருந்தேன். தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். பிள்ளைகளுக்குக் கோழி வாட்டுவதற்கென்று அங்கிருந்து ஒரு காலிப் பீப்பாயைக் கொண்டுவந்து கொல்லையில் நிறுத்தியிருந்தான். நீலப் பெயிண்டு, புதுசு. உளியும் கையுமாக நின்றவன், "தாத்தா மாதிரியே செய்யப் போறேன் சின்னம்மா" என்றான். நான் பீப்பாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மூன்று மொழியில் ஏதேதோ அச்சடித்த ஒரு தாள் ஒட்டி, பாதி கிழிந்திருந்தது. மூன்று மொழியும் எனக்குப் படிக்கத் தெரியும். கிழிந்த பாதியைத்தான் படிக்க முடியவில்லை. உள்ளே தலையை விட்டு மோந்தேன். ஒரு வாசனையும் இல்லை. நாக்கின் அடியில் துரு ஊறியது.

நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, தலை முழுக்க நரைத்துவிட்ட என் அக்கா, அங்கிருந்தபடியே கேட்டாள்: "அஞ்சல, அடியில ஓட்ட இருக்கா பாரு."

குனிந்து கையை விட்டுத் தடவினேன். வழவழவென்று இருந்தது.

"இல்லக்கா."

"அப்ப வேணாம்டா முனியாண்டி" என்றாள். "கொண்டுபோயி வச்சுட்டு வா."

அவன் சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை. அவன் அதை வாசல் வழியாக உருட்டிக்கொண்டு போகும் ஓசை தெருக்கோடி வரை கேட்டது. அது அடங்கும் வரைக்கும் அக்கா தன் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்திருந்தாள்.